பதினேழாம் நம்பர் லாம்ப்ஷேடு

என் தம்பி ராய்ஸுக்கு வருஷத்தில் மூன்று நாள் பைத்தியம் பிடிக்கும். எங்கள் ஊர்க் குளிர்காலமான ஜூனில், திருவிழா நடக்கிற நீண்ட வார இறுதியில். மற்ற நாட்களில் அவனுக்கு இருப்பது வெறும் திமிர்தான்.

அவனுக்கு மட்டுமா? ஓமரு ஊருக்கே பிடிக்கும். மருந்துக் கடை க்ளைவ், விமானியின் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு அலைவார். பல் டாக்டரின் மனைவி மூச்சுவிட முடியாதபடி இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு கெட்டிலைச் சுமந்து வருவாள். சூரியனே தலைகாட்டாத குளிரில் அத்தனை பேர் நெற்றியிலும் பித்தளைக் கண்ணாடி. இதற்குப் பெயர் ஸ்டீம்பங்க். நீராவி இன்ஜின் காலம் முடியாமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்கிறார்களாம். எப்படி இருந்திருக்கும்? கரி படிந்து இருந்திருக்கும். துணி துவைக்கிறவளைக் கேட்டால் சொல்வாள்.

நான் நோலீன். ராய்ஸுக்கு மூத்தவள். முப்பது வருஷம் பல் நர்ஸாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைக் குடைந்துவிட்டு, இப்போது தம்பி வீட்டுக் கொல்லையில் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். எனக்கு நாக்கு நீளம் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

ஆறு வருஷம் கழித்து ராய்ஸின் மகள் ஜோஸ்லின் கடல் கடந்து பெர்த்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாசலை மறித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி இது. "எத்தனை நாளைக்கு?" பெற்ற மகளை லாட்ஜ் மேனேஜர் மாதிரி கேட்டான். அவளும் சளைக்காமல், "பத்து நாளைக்கு, ரூம் காலியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தப் பத்து நாள் இன்றோடு முடிகிறது.

இடையில் ஒன்று நடந்தது. ஹார்பர் தெருவில் ஒரு பழைய கம்பளிக் கிடங்கு வாடகைக்கு வந்தது. கீழே பட்டறை போடலாம், மேலே இரண்டு அறை. ஜோஸ்லின் வெல்டிங் படித்தவள், பெர்த்தில் யாரோ ஒருவனின் பட்டறையில் கேட்டும் கிராதியும் செய்கிறாள். சொந்தமாக ஒரு பட்டறை என்றதும் அவள் முகமே மாறியது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவள் அம்மா வெர்னாவுக்குத் தூக்கம் போயிற்று. மகள் கிடங்கை எடுத்தால் ஊரோடு இருப்பாள். எடுக்காவிட்டால் நாளைக் காலை விமானம் ஏறிவிடுவாள். கிடங்குக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

"எடுத்துக்கயேன்டி," என்று வெர்னா கெஞ்சினாள்.

"எடுத்தா தினம் அப்பா முகத்துலதான் முழிக்கணும்," என்றாள் ஜோஸ்லின். "என் வேலையைப் பார்த்து அவர் ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லட்டும். நான் இருக்கேன். சொல்லலைன்னா எனக்கு இந்த ஊர் வேணாம்மா."

அதற்குத்தான் வெர்னா இந்த லாம்ப்ஷேடு யோசனையைச் சொன்னாள். அவளுக்குக்கூட யோசனை வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ராய்ஸ் அவளிடம், "இதுக்குப் பேர் டீயா?" என்று கேட்டால், "வேற போடட்டுமா?" என்று கேட்கிற பிறவி அவள்.

திருவிழாவில் வருஷா வருஷம் லாம்ப்ஷேடு போட்டி உண்டு. குப்பையில் போட்ட சாமான்களிலிருந்து மட்டுமே செய்ய வேண்டும். பல்பும் ஒயரும் மட்டும் புதிது. நடுவர் என் தம்பி. மேஜையில் நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

"பேர் தெரியாம பார்த்தா உங்கப்பா நியாயமாத்தான் பார்ப்பாரு," என்றாள் வெர்னா. "சரின்னு சொன்னப்புறம் பேரைச் சொல்லுவோம். வாயிலேர்ந்து வந்ததைத் திரும்ப முழுங்க முடியாதுல்ல?"

ராய்ஸ் தினமும் ஸ்டீம்பங்க் சங்கத்துக்குப் போனதும் சலவை அறையில் வேலை நடந்தது. போன குளிர்காலத்தில் ஒழுகிப்போய்க் கழற்றிப் போட்ட வெந்நீர்ப் பாய்லர் கொல்லையில் கிடந்தது. ஜோஸ்லின் அதை வெட்டி விரித்தாள். செம்புத் தகட்டைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் அமுக்கினால் துணி மாதிரி வளைகிறது. வளைத்து இரண்டு உருளை செய்தாள், ஒன்றுக்குள் ஒன்று. இரண்டிலும் நீளநீளமாகத் துளை வெட்டினாள். ஊர்க் குப்பைமேட்டுக் கடையில் கிடைத்த, பாலிலிருந்து ஆடை பிரிக்கிற ஓட்டை மிஷினிலிருந்து பல்சக்கரங்களைப் பிடுங்கினாள். பழைய கூரைத் தகட்டின் ஆணிகளை அறுத்து, தகட்டோடு தகட்டைச் சேர்த்து ரிவெட் அடித்தாள். இரண்டு விரல் நசுங்கி நகம் கறுத்தது.

இன்று காலை நான் போனபோது சலவை அறையில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு நாற்றம். செம்பு உருளையை பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கூடவே அவித்த முட்டைகளை நசுக்கிப் போட்டு, வாயைக் கட்டி வைத்திருந்தார்கள்.

"நாலு முட்டைடி!" என்றேன். "மனுஷன் தின்னா உடம்புக்காவது ஆகும். தகரத்துக்கு ஊட்டறீங்க."

"தகரம் இல்லை அத்தை, செம்பு. முட்டை ஆவி பட்டா நூறு வருஷத்துப் பழசு மாதிரி கறுத்துடும்."

"நான் எந்த முட்டையும் இல்லாமலே பழசாகி நிக்கிறேன். இதுக்கு ஒரு போட்டி, அதுக்கு ஒரு நடுவர்!"

ஜோஸ்லின் சிரித்தாள். பையைப் பிரித்து, உருளையைத் துடைத்து, உள்ளே பல்பை மாட்டி, மேல் தட்டில் இருந்த இரண்டு சக்கரங்களைக் காட்டினாள். ஓரத்தில் சின்னது, நடுவில் பெரியது. சின்னதில் ஒரு கடிகாரச் சாவி. அதைத் திருகினாள். பெரிய சக்கரம் நகர, அதோடு உள் உருளை நகர்ந்தது. துளையும் துளையும் நேருக்கு நேர் வந்ததும் வெளிச்சம் பட்டை பட்டையாக வெளியே வந்து துவைக்கிற மிஷின் மேல் விழுந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். வெளிச்சம் ஒடுங்கி மறைந்தது.

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பாராட்டுகிற வழக்கம் கிடையாது, நான் ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

ஜோஸ்லின் குளிக்கப் போனாள். வெர்னா அந்த லாம்ப்ஷேடைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நோலீன், இதுல என் கை ஒண்ணுமே படலை."

"முட்டை அவிச்சியே."

"அது இல்லை." டப்பாவைத் துழாவி, மிச்சமிருந்த ஒரு சக்கரத்தை எடுத்தாள். "இங்க பாரு, ரெண்டுக்கும் நடுவுல ஓரமா ஒரு இடம் காலியா இருக்கு. இதை வெச்சா நிறைவா இருக்காது? எம் பொண்ணு செய்யறதுல நானும் ஒண்ணு வெச்ச மாதிரி இருக்கும்."

"ஒட்டு, ஒட்டு," என்றேன். "ஒட்டறதுதானே இந்த ஊர்ல கலை!"

நான் கிண்டலாகச் சொன்னேன். அவளுக்குக் கிண்டல் புரிந்திருந்தால் என் தம்பியோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருப்பாளா? இழுப்பறையிலிருந்து பசையை எடுத்து, இரண்டு சக்கரத்தின் பல்லும் படும்படி மூன்றாவதைப் பொருத்தி, ஒட்டி, காயும் வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தி, அவளே வீட்டு வேனில் ஏற்றினாள். ஜோஸ்லின் அதற்கப்புறம் அதைத் திறந்து பார்க்கவில்லை.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. வெள்ளைக் கல் சுவரெல்லாம் மூச்சுக் காற்றில் வியர்த்திருந்தது. மேடைக்குக் கீழே நீள மேஜையில் இருபத்திரண்டு லாம்ப்ஷேடு. சைக்கிள் ரிம், வடிகட்டி, டீப்பாட், யாரோ ஒருவரின் செத்துப்போன தாத்தாவின் டிராம்போன். எல்லாவற்றிலும் சொறி பிடித்தது போல் பல்சக்கரம்.

என் தம்பி மேடையேறினான். கேப்டன் ராய்ஸ்! நீலக் கோட்டு, தோளில் பித்தளைப் பட்டை, உருண்டைத் தொப்பி. ஆட்டிறைச்சி ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். துறைமுகத்தில் கட்டிப் போட்ட படகில் ஏறினாலே வாந்தி எடுப்பான். ஊரே எழுந்து கை தட்டியது.

அவனுடைய சோதனை ஊருக்குத் தெரியும். லாம்ப்ஷேடில் இருக்கிற சக்கரத்தின் மேல் ஒற்றை விரலை வைப்பான். சுற்றினால் தலையாட்டுவான். சுற்றாவிட்டால் மைக்கில் மானத்தை வாங்குவான். அதிலும் மகா மோசமானதற்கு ஒரு பரிசு உண்டு. பித்தளை வளையத்தில் கோத்த காலிப் பசை டியூப், சிவப்பு ரிப்பனோடு. அதைச் செய்தவர் முன்னால் வந்து, குனிந்து வணங்கி, கழுத்தில் வாங்கிக்கொண்டு, மண்டபம் சாத்தும் வரை கழற்றாமல் திரிய வேண்டும். அதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வருகிறது.

"மூணாம் நம்பர்," என்றான் ராய்ஸ். விரலை வைத்தான். "அசையலை. இது சக்கரம் இல்லை, பித்தளை பிஸ்கட்."

சிரிப்பு.

"எட்டாம் நம்பர். இதுல எட்டு கேஜ் இருக்கு. எந்த அழுத்தத்தை அளக்குது? இதைச் செஞ்சவரோட ரத்த அழுத்தத்தையா?"

இன்னும் சிரிப்பு. பல் டாக்டரின் மனைவி சிரித்ததில் தலைக் கெட்டில் சரிந்தது.

பதினேழில் வந்து நின்றான்.

நிற்கிற தோரணையே மாறிவிட்டது. குனிந்து, கட்டை விரலால் ரிவெட் வரிசையைத் தடவினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மைக்கை வாயருகே கொண்டுபோய், சின்னக் குரலில், "இது யாரு செஞ்சாங்களோ, கை தெரிஞ்ச ஆளு," என்றான். "பாய்லர் செம்பு. ஒரு இடத்துல கூட சுருக்கம் இல்லை. எங்க ஆலையில இப்படி மடிப்பு அடிக்கிறவங்க ரெண்டு பேருதான் இருந்தாங்க."

வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற பிடி. தூணோரம் ஜோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

ராய்ஸ் சாவியைப் பிடித்துத் திருகினான். அசையவில்லை. விரலைச் சக்கரத்தின் மேல் வைத்துத் தள்ளினான். அசையவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய இளிப்பு வந்திருந்தது.

"ஜனங்களே! ரெண்டு சக்கரம் சேர்ந்தா ஒண்ணு இப்படிச் சுத்தும், ஒண்ணு அப்படிச் சுத்தும். மூணும் ஒண்ணோட ஒண்ணு பல் கோத்துக்கிட்டா? எது எப்படிச் சுத்தும்? ஒண்ணும் சுத்தாது! இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியுமே! அதுவும் எதை வெச்சு?" முகர்ந்து பார்த்தான். "பசை! இவ்வளவு அழகா ரிவெட் அடிச்சுட்டு, கடைசியில பசை! வெள்ளிக் கிண்ணத்துல கஞ்சியை ஊத்தின மாதிரி!"

சிவப்பு ரிப்பனை உயரத் தூக்கினான். மண்டபம் குலுங்கியது. "பதினேழு! பதினேழு! வெளியே வா!" என்று காலால் தரையைத் தட்டினார்கள்.

ஜோஸ்லின் கண்ணைத் திறந்தாள். மேஜையைப் பார்த்தாள். மூன்றாவது சக்கரத்தைப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, முன்னால் நடக்கப் போனாள்.

என் மணிக்கட்டு விடுபட்டது. வெர்னா அவளுக்கு முன்னால் போய்விட்டாள்.

"நான் வெச்சது," என்றாள் மேஜையருகே போய். "அந்தச் சக்கரம் நான் வெச்சது, ராய்ஸ்."

ஒரு விநாடி அவன் அவளையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த ஒரு விநாடியில் அவன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் எதிரே கூட்டம். வாய்க்கு எதிரே மைக்.

"நீயா? அதானே பார்த்தேன்!" என்றான். "முப்பத்தெட்டு வருஷமா இவளுக்கு டீப்பாட் மூடியை நேரா மூடத் தெரியாது. இவ பல்சக்கரம் மாட்டறாளாம்! நான் தினம் என்ன பாடுபடறேன்னு இப்பப் புரியுதா?"

மண்டபமே சிரித்தது. வெர்னா வழக்கப்படி குனிந்து வணங்கினாள். க்ளைவ் ரிப்பனை அவள் கழுத்தில் மாட்டினார். டியூப் கார்டிகன் பொத்தானில் சிக்கிக்கொண்டது, அவளே விடுவித்துக்கொண்டாள்.

ஜோஸ்லின் அவளைத் தாண்டி மேஜைக்குப் போனாள். பையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒரு நெம்பு நெம்பினாள். மூன்றாவது சக்கரம் துள்ளித் தரையில் உருண்டது. பல்பைப் போட்டாள். சாவியைத் திருகினாள்.

மேகமூட்டத்தில் மண்டபம் பாதி இருட்டாகத்தான் இருந்தது. பட்டை பட்டையாக வெளிச்சம் சுவரில் ஏறி, கூட்டத்தின் மேல் ஊர்ந்து, என் தம்பியின் பித்தளைத் தோள்பட்டை மேல் போய் நின்றது. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"மத்ததெல்லாம் நான் செஞ்சது," என்றாள் ஜோஸ்லின்.

ராய்ஸ் சாவியை வாங்கித் திருகினான். முன்னால், பின்னால். உள் உருளையைக் குனிந்து பார்த்தான்.

"சரியான வேலை," என்றான்.

இதற்காக ஜோஸ்லின் பிறந்ததிலிருந்து முப்பத்து நாலு வருஷம் காத்திருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவனை நானும் மன்னித்திருப்பேன். நிறுத்த அவனுக்கு எங்கே தெரியும்?

"என் பொண்ணு, ஜனங்களே! என் ரத்தம்! முதல் பரிசு பதினேழுக்குத்தான், வேற யாருக்கும் இல்லை. அம்மா கை படாம இருந்தா எதுவும் உருப்படும்னு இப்பத் தெரியுதா? பசை டியூப் சேர வேண்டிய கழுத்துலதான் இருக்கு!"

கை தட்டினார்கள். சிலர் தட்டவில்லை. ஜோஸ்லின் அவனைப் பார்க்கவே இல்லை.

வெர்னா மண்டபத்தின் பின்னால், பெண்கள் சங்கத்து மேஜையில், சூடாக சீஸ் ரோல் அடுக்கிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அது அவள் வேலை. கழுத்தில் டியூப் ஆட ஆட, ஆளுக்கு இரண்டு எடுத்து வைத்தாள். ஜோஸ்லின் வந்து நின்றாள்.

"அதைக் கழட்டும்மா."

"சாத்தற வரைக்கும் போட்டிருக்கணும்டி. விளையாட்டுதானே. உன் சக்கரத்தைக் கெடுத்துட்டேன், கோவமா?"

"அதை விடு. நாளைக்கு நான் கிளம்பறேன்."

வெர்னா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "ஏன்? சரின்னு சொல்லிட்டாரே! நீதானே கேட்டே?"

"உன்னை மிதிச்சுட்டு எனக்குக் குடுக்கச் சொல்லி நான் கேக்கலை."

"எப்படிக் குடுத்தா என்ன, குடுத்தாரு இல்ல? அந்தக் கெடங்கை எடு."

"எதுக்கும்மா? தினம் இதைப் பார்க்கவா?"

"எடுடி. மேல ரெண்டு ரூம்னு சொன்னியே?"

"ஆமா."

"அதுல ஒண்ணு எனக்கு வேணும்," என்றாள் வெர்னா. சொல்லிவிட்டு, எதிரே தட்டை நீட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரின் மனைவியிடம், "வெண்ணெய் தடவட்டுமா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் அதைத் தட்டில் கொட்டிவிட்டேன்.

ஜோஸ்லின் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மண்டபத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிடங்குக்காரரிடம் இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பாள். பேசி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள்.

ராய்ஸ் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நல்ல குஷியில் இருந்தான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஜோஸ் எங்க? ஷெட்டைத் திறந்து காட்டணும். லேத்தை அவளுக்கே குடுத்துடலாம்னு பார்க்கறேன். கெடங்கை எடுத்துட்டாளாமே, சாவிகூட வாங்கிட்டாளாம், க்ளைவ் சொன்னாரு!"

அப்போது வெர்னா படுக்கை அறையிலிருந்து வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் தலகாணி.

"அவளுக்கா இது?" என்றான்.

"எனக்கு."

"உனக்கு எதுக்கு தலகாணி?"

"தூங்கறதுக்கு. நானும் ஹார்பர் தெருவுக்குப் போறேன்."

"எத்தனை மணிக்குத் திரும்பி வருவே?"

அவள் சிரித்தேவிட்டாள். வாய்விட்டு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கேட்டதும்தான் அவனுக்கு உறைத்தது.

"மைக்ல சொன்னதுக்கா? வெர்னா! அது விளையாட்டு. எல்லாரும் சிரிச்சாங்களே!"

"ஆமா. எல்லாரும் சிரிச்சாங்க."

"சரி, தப்புதான். மன்னிச்சுக்கோன்னு சொல்லணுமா? சொல்றேன். பெட்டியைக் கீழ வை."

வெர்னா பெட்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், பழையபடி அடுப்படிக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலகாணியை மட்டும் வேறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ திட்டறது எனக்குப் பழகிப் போச்சு, ராய்ஸ். உன் சுபாவமே அது, யாரையும் மதிக்கத் தெரியாத ஆளுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டேன். அதனால வலிக்கலை. இன்னிக்கு நீ அந்த ரிவெட்டைத் தடவினியே, தொப்பியைக் கழட்டினே. யாரு செஞ்சாங்களோன்னு எவ்வளவு மெதுவாக் கேட்டே. உனக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பேர் தெரியாத ஒரு ஆளுக்கு அவ்வளவு மரியாதை. உன்கிட்ட இல்லாம நீ எனக்குக் குடுக்காம இருந்திருந்தா பரவால்ல. இருந்திருக்கு. இருந்தும் எனக்குக் குடுக்கலை."

ராய்ஸ் பெட்டிக்குக் கை நீட்டினான்.

வெர்னா பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே ஜோஸ்லின் வேனின் கதவைத் திறந்து வைத்திருந்தாள். அது கிளம்பித் திருப்பத்தில் மறைகிற வரை என் தம்பி கேப்டன் கோட்டோடு வாசலில் நின்றான்.

"வந்துடுவா," என்றான். "எங்க போயிடுவா? ரெண்டு தெரு."



உள்ளே வந்தான். சாப்பாட்டு மேஜையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"நோலீன், ராத்திரிக்கு என்ன?"

முப்பத்தெட்டு வருஷமாக அவளிடம் கேட்ட அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு அங்க சாப்பாடு," என்றேன். "ரெண்டு பேரும் கூப்பிட்டிருக்காங்க."

ஒருவரும் கூப்பிடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவில் தொப்பிகளும் கண்ணாடிகளும் குடித்துவிட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டு போயின. ஒருவன் என்னைப் பார்த்து, "பசை டியூப் அம்மா எங்கே?" என்று கத்தினான். அவன் பற்களின் லட்சணத்தைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கிடங்கின் பக்கவாட்டில் மரப்படி. ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே கட்டிலை இழுக்கிற சத்தம் நின்றது. வெர்னா வந்து கதவைத் திறந்தாள், பாதிதான்.

"நீயா?" என்றாள்.

"நான்தான். குளுருது, விடு உள்ள."

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். கோபமாகவும் இல்லை.

"நோலீன், ஒண்ணு கேக்கறேன். அங்க எல்லாரும் சிரிச்சப்போ, நீயும் சிரிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நின்ற இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே அவள் மேஜையருகே நின்றாள்.

"சிரிச்சேன்," என்றேன்.

வெர்னா தலையாட்டினாள். கதவைச் சாத்தவும் இல்லை, திறக்கவும் இல்லை.